ஒரே கேன்வாஸில் இருவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் கலையையும் தத்துவத்தையும் பிடித்துக்கொண்டு சேர்ந்து வாழ முயல்வதைப் பற்றிய ஆவணப்படங்களின் முதல் வெட்டுகள் (முதல் தொகுப்பு வடிவங்கள்), படத்தொகுப்பாளன் என்ற முறையில் என்னிடம் அவ்வப்போது கருத்துக்கு வருகின்றன. நல்ல எண்ணம் எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் ஒரு காலத்தில் செய்த தவறுகளும் ஏறக்குறைய அதே வரிசையில் இருக்கின்றன. ஒலி இரைவது, நேர்காணல் நீள்வது போன்றவற்றை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அறைக்குள் வந்த பிறகு படத்தைத் தொடங்குவது

இன்றும் நினைத்தால் எரிச்சல் வருவது இந்தத் தவறுதான்; செய்தது நானே என்பதால் எரிச்சல் இரட்டிப்பு.

நான் தொகுத்த முதல் படத்தில், மேற்கு ஜெருசலேமின் ஒரு கூடத்தில் இரண்டு பெண்கள் வாரம் ஒரு நாள் ஒரே கேன்வாஸில் வரைவார்கள். இஸ்ரேலிய ஓவியர் வீட்டிலிருந்து டிராமில் 20 நிமிடத்தில் வந்துவிடுவார். மேற்குக் கரையிலுள்ள பெத்லகேமில் வசித்த பாலஸ்தீன ஓவியரோ, பத்து கிலோமீட்டருக்கும் குறைந்த அதே பயணத்துக்காக விடியுமுன் எழுந்து, ‘300’ என்று அழைக்கப்படும் சோதனைச்சாவடியில் வேலைக்குப் போகும் ஆண்களின் நெரிசலில் நின்று, சுழற்கதவுகளைத் தாண்டி, அனுமதிச்சீட்டைக் காட்டி வந்து சேர்வார். அந்தப் பயணத்தை ஒரு நாள் தன் கைபேசியில் பதிவு செய்து தந்திருந்தார். பெரும்பகுதியில் கைபேசி பைக்குள் இருந்ததால் திரை இருட்டு. ஒலி மட்டும் கேட்கும். சுழற்கதவின் இரும்புச் சத்தம். பிறகு ஒரு குரல், புட்டியில் என்ன என்று கேட்கிறது. எண்ணெய் என்கிறார். சமையலுக்கா என்று மறுபடியும் கேள்வி. வரைவதற்கு என்கிறார்.

நான் அதை முழுவதுமாக வெட்டினேன். படம் இருட்டாக இருக்கிறது, ஓட்டம் தடைப்படுகிறது, ஒரு பக்கம் கனத்துவிடுகிறது என்று மூன்று காரணங்கள் சொன்னேன். இருவருக்கும் தலா 26 நிமிடம் வருமாறு கடிகாரம் வைத்து அளந்து, அதையே நடுநிலை என்று நம்பினேன். வரைந்துகொண்டிருக்கும்போது அவர் அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதையும் கவனச்சிதறல் என்று எண்ணி நீக்கினேன். அவருடைய அனுமதி மாலை 7 மணியோடு முடிகிறது என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “நான் அந்த அறையிலேயே பிறந்தவள் போலக் காட்டியிருக்கிறீர்கள்.” தன் காட்சிகளைப் பயன்படுத்தத் தந்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மறுதொகுப்புக்குப் பணம் திரட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவருடைய அனுமதி புதுப்பிக்கப்படாமல் போனதால், விடுபட்ட எதையும் மறுபடி படமாக்கவும் வழியில்லை.

நிமிடங்களைச் சமமாகப் பிரிப்பவர், ஒருவர் குடிமைச் சட்டத்தின் கீழும் மற்றவர் ராணுவச் சட்டத்தின் கீழும் வாழ்கிறார்கள் என்பதைத்தான் முதலில் வெட்டி எறிகிறார். ‘அவர் வீட்டிலேயே சந்தித்திருக்கலாமே’ என்று பார்வையாளர் கேட்பார். பெத்லகேம் போன்ற, பாலஸ்தீன ஆணையத்தின் நிர்வாகத்திலுள்ள மேற்குக் கரையின் ஏ பகுதிக்குள் இஸ்ரேலியக் குடிமக்கள் நுழைவதை இஸ்ரேலியச் சட்டமே தடுக்கிறது. சாலையோரத்தில் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை உங்கள் படத்தில் இருக்கிறதா? 2023 அக்டோபருக்குப் பிறகு மேற்குக் கரையினரின் நுழைவு அனுமதிகளில் பெரும்பாலானவை நிறுத்தப்பட்டன. ஆகவே அதற்கு முன் எடுத்த காட்சியென்றால் தேதியைத் திரையிலேயே போட வேண்டும்.

ஒருவர் சிந்திக்க, மற்றவர் அழ

யூதத் தத்துவவாதிகளான பூபரும் லெவினாஸும் பின்னணிக் குரலில் மேற்கோள்களாக வருவார்கள். பாலஸ்தீனர் தன் இழப்பைச் சொல்லி அழுவார். தத்துவம் ஒரு பக்கத்துக்கு, கண்ணீர் மறுபக்கத்துக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினையை எத்தனை வெட்டுகளில் பார்த்துவிட்டேன்! மெய்யியலில் பயின்று, 1995 முதல் 2014 வரை அல்-குத்ஸ் என்ற பாலஸ்தீனப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த பாலஸ்தீனச் சிந்தனையாளர் சாரி நுசைபே போன்றவர்கள் இருக்கும்போது இது சோம்பேறித்தனம்.

மேற்கோளைப் பயன்படுத்துவதென்றால் அதன் சிக்கலையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ‘பிறரின் முகம்’ பற்றிய லெவினாஸின் வரிகளை முகங்களின் அண்மைக் காட்சிகள் மேல் படரவிடுவது எளிது. 1982 செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் படுகொலை நடந்த சில நாட்களில், இஸ்ரேலியருக்குப் ‘பிறர்’ என்றால் முதலில் பாலஸ்தீனர் அல்லவா என்று ஒரு வானொலி உரையாடலில் அவரிடமே கேட்டார்கள். தன்னுடைய வரையறை வேறு என்று அவர் விலகிப் பதிலளித்தது இன்றும் விவாதிக்கப்படுகிறது. மார்ட்டின் பூபரும் 1923-இல் எழுதிய ‘நான்-நீ’ என்ற நூலோடு நின்றுவிடவில்லை. யூத மதகுரு யூதா மாக்னஸோடு சேர்ந்து 1942-இல் இஹுத் அமைப்பைத் தொடங்கி, இரு தேசத்தாருக்கும் பொதுவான ஒரே அரசு வேண்டுமென்று வாதாடினார். படத்துக்கு உயிர் தருவது இத்தகைய இடங்கள்தாம்.

சுவர், புறா, ஒலிவ மரம்

சலித்துப்போன இந்த மூன்று குறியீடுகளையும் முதல் வெட்டிலேயே நீக்கிவிடுங்கள்.

பொதுக் குறியீடு என்று முடித்துவிடுவது

சப்பாத்திக்கள்ளியைக் காட்டி, இரு மக்களும் நேசிக்கும் செடி என்று பின்னணிக் குரல் சொல்லும். மண்ணில் பிறந்த இஸ்ரேலியரைக் குறிக்கும் ‘சாப்ரா’ என்ற சொல் அந்தச் செடியிலிருந்து வந்தது என்பது உண்மை. அரபியில் அதே செடியின் பெயர் பொறுமையைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இஸ்ரேல் உருவான 1948-இல் அழிக்கப்பட்ட பாலஸ்தீனக் கிராமங்கள் இருந்த இடத்தை இன்றும் அடையாளம் காட்டுவது அந்தக் கள்ளி வேலிகள்தாம். 1990-இல் இளம் வயதிலேயே இறந்துபோன பாலஸ்தீன ஓவியர் ஆசிம் அபூ ஷக்ரா அந்தக் கள்ளியை வேலியிலிருந்து பெயர்த்துப் பூந்தொட்டிக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தத் தொட்டியை விட்டுவிட்டுச் செடியை மட்டும் காட்டுகிறவர் ஓவியத்தையே பார்க்கவில்லை.

‘அமைதி இசைக்குழு’

பாலஸ்தீன-அமெரிக்கச் சிந்தனையாளர் எட்வர்ட் சயீதும் இசை நடத்துநர் டேனியல் பேரன்பாயிமும் 1999-இல் தொடங்கிய, இஸ்ரேலியரும் அரபியரும் சேர்ந்து வாசிக்கும் வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான் இசைக்குழுவை அப்படி அழைக்காதீர்கள். பேரன்பாயிமே அதை மறுத்திருக்கிறார்.

வர மறுப்பவரை ஒதுக்குவது

கூட்டுப் படைப்புக்கு வர மறுக்கும் பாலஸ்தீனக் கலைஞர், நிலைமை இயல்பாகிவிட்டது போலக் காட்டுவதைத் ‘தத்பீ’ என்று சொல்லி விலகி நிற்பார். அவரைப் பிடிவாதக்காரராகக் காட்டும் ஒற்றை வரியோடு கடந்துவிடாதீர்கள். முதல் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியின்போது சுலைமான் மன்சூர், வேரா தமாரி, நபீல் அனானி, தைசீர் பரகாத் ஆகிய நால்வரும் இஸ்ரேலிலிருந்து வரும் வண்ணங்களைப் புறக்கணித்துவிட்டு மண்ணையும் மருதாணியையும் தோலையும் கொண்டு படைத்தார்கள். அந்த மறுப்பிலிருந்து ஒரு கலைமொழியே பிறந்தது.

நேர்காணல் நடக்கும் வீடு

ஜெருசலேமில், 1948 முதல் 1967 வரை நகரை இரண்டாகப் பிரித்திருந்த பழைய எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் மியூசியம் ஆன் தி சீம் என்ற அருங்காட்சியகத்தின் முன் நேர்காணல் எடுக்க எல்லோருக்கும் ஆசை. குண்டுக் காயங்களை ஆற்றாமல் வைத்திருக்கும் அந்த முகப்பு திரையில் அழகாக விழும். 1932-இல் அதைக் கட்டியவர் ஆண்டோனி பராம்கி என்ற பாலஸ்தீனக் கட்டடக் கலைஞர். 1948-க்குப் பின் அது இஸ்ரேலிய ராணுவத்தின் காவல்நிலையாக இருந்தது. 1967-க்குப் பின் குடும்பம் கேட்டும் வீடு திரும்பக் கிடைக்கவில்லை. சகவாழ்வைப் பற்றி அண்மையில் எனக்கு வந்த ஒரு வெட்டில் அந்த முகப்பு மூன்று முறை வருகிறது. பராம்கியின் பெயர் ஒரு முறையும் வரவில்லை.