வெள்ளம் வடிந்ததும் முதலில் சம்ப்பைப் பாருங்கள்

2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல தெருக்களில் சாக்கடையும் மழைநீரும் ஒன்றாகத்தான் ஓடின. அந்தத் தண்ணீர் மூடியின் இடுக்கு வழியாகச் சம்ப்புக்குள், அதாவது தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்கியிருக்கும். மேலே தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பி மோட்டாரைப் போட்டால் மாடித் தொட்டி, குழாய் எல்லாம் கெட்டுவிடும். மோட்டார் நனைந்திருந்தால் எலக்ட்ரீசியன் பார்க்கும் வரை சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

பழைய தண்ணீரை முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தயவுசெய்து யாரையும் தனியாக உள்ளே இறக்காதீர்கள். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்ட பிறகும், மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும். விஷவாயுவில் உயிர்கள் போயிருக்கின்றன.

அப்புறம் புதுத் தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்தும் லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். பொட்டலம் பழசாகி வாடையே இல்லை என்றால் அந்தப் பவுடரால் பயனில்லை.

குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். ஆனால், 2023இல் எண்ணூரில் கலந்ததுபோல் எண்ணெய்க் கசிவு கலந்திருந்தால் கொதிக்கவைத்தும் போகாது. அங்கெல்லாம் லாரித் தண்ணீர்தான் சரி.