விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ்: எல்விஎம் கொண்டு இடம் பிரிப்பது எப்படி?

ரூட்டுக்கு (இயங்குதளமும் செயலிகளும் இருக்கும் பிரிவு) 30 ஜிபி, மீதியெல்லாம் ஹோமுக்கு (நம் கோப்புகள் இருக்கும் பிரிவு) என்று கணக்குப் போட்டு லினக்ஸை நிறுவுவோம். சில மாதங்களில் ரூட் நிரம்பிவிடும். ஹோமில் இடம் சும்மா கிடக்கும். சாதாரணப் பிரிவுகள் யாழ்ப்பாணத்துக் காணி எல்லையில் கதியால் நட்ட வேலி மாதிரி. ஒரு முழம் நகர்த்தினாலும் வழக்குத்தான். எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர், வட்டின் இடத்தை வேண்டியபடி பங்கிடும் லினக்ஸ் வசதி) இருந்தால் நகர்த்தலாம், ஆனால் லினக்ஸ் பக்கத்துக்குள் மட்டும். விண்டோஸுடனான எல்லை அப்படியேதான் இருக்கும்.

வன்தட்டின் ஒரு பிரிவு 'பிசிக்கல் வால்யூம்' ஆகிறது. அதைக் கொண்டு அமைப்பது 'வால்யூம் குரூப்'. அதிலிருந்து வெட்டியெடுக்கும் துண்டுகள் 'லாஜிக்கல் வால்யூம்'கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

1. விண்டோஸில்

முதலில் கோப்புகளை வெளி வன்தட்டுக்குப் பிரதியெடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸை முழுதாக அணைய விடாத 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்துங்கள். பின்பு 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் சி பிரிவைச் சுருக்கி இடம் விடுங்கள். 512 ஜிபி வன்தட்டை விண்டோஸ் 476 என்றே காட்டும். கடைக்காரரைத் திட்ட வேண்டாம், அது எண்ணும் முறையின் வேறுபாடு. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே பற்றரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள்.

2. நிறுவும்போது

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிறுவியைப் பரிந்துரைக்கிறேன். வழிகாட்டலுடன் முழு வட்டையும் எல்விஎம் ஆக்கும் தெரிவைத் தொடாதீர்கள். அது விண்டோஸையும் அழித்துவிடும். கைமுறைப் பிரிப்புக்குப் போய், காலி இடத்தில் ஒரு பிரிவை உருவாக்கி, அதை எல்விஎம்முக்கான பிசிக்கல் வால்யூமாகக் குறியுங்கள். ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பிரிவை (கணினியைத் தொடக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) அப்படியே பயன்படுத்துங்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.

அடுத்து எல்விஎம் அமைப்பைத் திறந்து வால்யூம் குரூப்பை உருவாக்குங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். எந்தப் பிரிவைச் சேர்ப்பது என்று ஒரு பட்டியல் வரும்; அதில் விண்டோஸின் பிரிவுகளும் நிற்கலாம். அளவைப் பார்த்து, புதிதாக உருவாக்கியதை மட்டும் தெரிவு செய்யுங்கள்.

200 ஜிபி இருந்தால் ரூட்டுக்கு 40, ஹோமுக்கு 80, ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது உதவும் இடம்) 8 கொடுத்துவிட்டு மீதியை ஒதுக்காமலே விடுங்கள். இதைக் கேட்டதும் பலருக்கு மனம் ஒப்பாது. முழுவதையும் பங்கிட்டுவிட்டால் பிறகு ஒன்றைச் சுருக்கித்தான் மற்றதைப் பெருக்க வேண்டும். பிறகு எல்விஎம் எதற்கு?

3. இடம் போதாதபோது

'விஜிஎஸ்' (vgs) கட்டளை மிச்சமுள்ள இடத்தைக் காட்டும். 'எல்விஎக்ஸ்டெண்ட்' (lvextend) கட்டளையுடன் 'ரீசைஸ்எஃப்எஸ்' (--resizefs) தெரிவையும் சேர்த்து ரூட்டுக்கு 10 ஜிபி கூட்டுங்கள். அந்தத் தெரிவை விட்டுவிட்டால் வால்யூம் மட்டும் பெரிதாகும், உள்ளே இருக்கும் கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கி வைக்கும் அமைப்பு) பழைய அளவிலேயே நிற்கும். அந்தக் கோப்பு முறைமை இஎக்ஸ்டி4 (ext4) என்றால் கணினியை நிறுத்தாமலே விரிந்துவிடும்.

சுருக்குவது வேறு கதை. இஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்துதான் (பயன்பாட்டிலிருந்து கழற்றித்தான்) சுருக்கலாம். ரூட் என்றால் யூஎஸ்பியிலிருந்து, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸை இயக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற இன்னொரு கோப்பு முறைமை என்றால் அதுவும் நடக்காது; ஆகவே நிறுவும்போதே இஎக்ஸ்டி4-ஐத் தெரிவு செய்யுங்கள்.