எங்கயோ சண்டை, நம்மூட்டுல எண்ணெய்ச் சட்டி: எதை வாங்கி வைக்கலாம், எதை விட்டுரலாம்

மொதல்ல நான் பண்ணின கூத்தச் சொல்லிடறேனுங்க, அப்பறம் கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம். 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள்ள படையோட போச்சுங்களா, அடுத்த வாரமே சூரியகாந்தி எண்ணெய் இனி கெடைக்காதுன்னு வாட்ஸ்அப் முச்சூடும் ஒரே பேச்சு. அது முழுப் பொய்யும் இல்ல, நம்ம நாட்டுக்கு வந்துட்டு இருந்த சூரியகாந்தி எண்ணெய்ல பெரும்பகுதி அப்ப உக்ரைன்ல இருந்துதான், மிச்சத்துல நல்ல பங்கு ரஷ்யாவுல இருந்து. நான் பனியன் கம்பெனி விட்டு வர்ற வழியில பல்லடம் ரோட்டுல எக்ஸ்எல் வண்டிய நிறுத்தி, 15 லிட்டர் டின் மூணு வாங்கி, முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டு கட்டி, என்னமோ பொதையல் எடுத்தவனாட்ட ஊட்டுக்கு வந்து சேந்தேன்.

எங்கூட்டுல மாசத்துக்கு மூணு லிட்டர் எண்ணெய் ஆகும். 45 லிட்டர்னா பதினஞ்சு மாசத்துக்கு வரும்ங்கற கணக்கு கூட அன்னிக்கு மண்டையில ஏறல. அடுத்த வருசம் தை நோம்பிக்கு மூணாவது டின்ன ஒடைச்சோம். அம்மா ஒரு கரண்டி மோந்து மூக்குகிட்ட கொண்டு போயிட்டு பொட்டாட்ட கீழ வெச்சுட்டாங்க. "ஏங்கண்ணு, காறிப்போச்சு, இதுல முறுக்கு சுட்டா ஒறம்பரை வாயில வெக்க மாட்டாங்க." பத்து மாசமா அடுப்புத் திண்டுக்குக் கீழ அந்தச் சூட்டுலயே டின்னு நின்னுட்டு இருந்துருக்குது, வேற எப்படி ஆகும். அதுக்குள்ள கடையில வெலையும் எறங்கிருச்சு, அது தனி வயித்தெரிச்சல். பாமாயில் கூட இப்படித்தான், அந்த வருசம் ஏப்ரல் 28ல இந்தோனேசியா ஏத்துமதிய நிறுத்துச்சு, ஊரே பதறுச்சு, மே 23ல மறுபடி தெறந்து விட்டுட்டாங்க. ஒரு மாசம் கூட ஆகல.

அதனால தூரத்துச் சண்டைக்கு நாம தயாராகோணுமான்னு கேட்டா ஆகோணும்னுதான் சொல்லுவேன், ஆனா கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு நோட்ட எடுத்து உக்காருங்க. நம்ம ஊட்டுக்குள்ள வர்றதுல எதெது கப்பல்ல வருது, எதெது காங்கேயத்துல இருந்து வருது, சம்பளம் எந்த நாட்டுக்காரன் குடுக்கற ஆர்டர்ல வருது, இதைய எழுதுங்க. அரை மணி நேர வேலைதான், அதுலயே பாதி பயம் போயிரும், மீதிப் பாதிக்குத்தான் ஏற்பாடு வேணும்.

சம்பளத்துல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் அரிசி பருப்புன்னு போயிருவாங்க, நம்ம பக்கம் சண்டை மொதல்ல வந்து கதவத் தட்டறது சனிக்கெழமை சம்பளக் கவர்லதான். 2022ல சண்டை வந்ததும் யூரோப்புல கேஸ் பில்லும் கரண்ட் பில்லும் எகிறுச்சு, அங்கத்த சனம் துணி வாங்கறதக் கொறைச்சுது, இங்க ஆர்டர் கொறைஞ்சு மொதல்ல நைட் ஷிப்ட் நின்னுச்சு, அப்பறம் ஓவர்டைம், அப்பறம் வாரத்துல ஆறு நாள் வேலை நாலு நாளாச்சு. 2023 நவம்பர்ல இருந்து செங்கடல்ல ஏமன் ஹவுதிக்காரங்க கப்பல அடிக்க ஆரம்பிச்சதும் கப்பலெல்லாம் சூயஸ் பக்கம் போகாம ஆப்பிரிக்காவச் சுத்திப் போச்சு, யூரோப்புக்குப் போக பத்துப் பதினாலு நாள் எச்சு, கண்டெய்னர் வாடகையும் ஏகமா ஏறிருச்சு. சரக்கு லேட்டுன்னா பையர், அதான் அங்க சரக்கு வாங்கறவன், டிஸ்கவுண்ட் கேப்பான், இல்ல ஏர்ல அனுப்பச் சொல்லுவான், ரெண்டுல எதுனாலும் கம்பெனி லாபத்துல கை வெக்கும், கடைசியில அது பீஸ் ரேட்டுல, அதான் உருப்படிக்கு இத்தனைன்னு குடுக்கற கூலியில, வந்து நிக்கும். பொள்ளாச்சி பக்கம் தென்னைநார் மில்லுக்காரங்களுக்கும் இதே கதைதான், சோமனூர் தறிக்காரங்க சொல்லவே வேண்டாம்.

இதுக்கு என்ன பண்றதுன்னா, மூணு மாசச் செலவு கையில வெச்சுக்கோங்கன்னு யாரோ சொல்ற மாதர நான் சொல்ல மாட்டேன், பீஸ் ரேட்டுல ஓடற குடும்பத்துக்கு அது மலை. நாலு சம்பளக் கவர் போதும், அதாவது ஒரு மாசம். ஓவர்டைம் நல்லா வர்ற சீசன்ல ஓவர்டைம் பணத்த மட்டும் தனியாப் போட்டுட்டு வாங்க, அஞ்சாறு மாசத்துல சேந்துரும். இன்னொண்ணு, தவணைகள வரிசையா எழுதுங்க: வண்டி டியூ, சீட்டு, ஸ்கூல் வேன், குழு லோன். எதைய ஒரு மாசம் தள்ளிப் போட்டா வட்டி மட்டும் ஏறும், எதைத் தள்ளுனா ஆளே ஊட்டுக்கு வந்து நிப்பாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. புதுசா டியூ போட்டு எதையும் வாங்கறதா இருந்தா சண்டைச் செய்தி ஓடற மாசத்துல வேண்டாம், தங்கம் உள்பட. சண்டைன்னா தங்கம் ஏறுமேன்னு வட்டிக்கு வாங்கி நகை எடுத்தவங்கள நான் பாத்துருக்கேன். நான் அந்த மூணு டின்னுக்குக் குடுத்தது எட்டாயிரத்துச் சொச்சம், அதே வருசம் ஓவர்டைம் நின்னப்ப சீட்டுப் பணம் கட்ட ஊட்டுக்காரம்மா தோடு அடமானத்துக்குப் போச்சு. எண்ணெய் டின்ன அடமானம் வெக்க முடியாதுங்களே.

அடுத்தது கேஸு. பயப்படறதுக்கு நியாயம் இருக்கற எடம் இதுதான். நம்ம நாட்டுல எரியற சமையல் கேஸ்ல ஏறக்குறைய அறுபது சதவீதம் வெளியில இருந்து வருது, அதுலயும் பெரும்பகுதி வளைகுடா நாடுகள்ல இருந்து, ஈரானுக்கும் ஓமனுக்கும் நடுவுல இருக்கற ஹோர்முஸ் ஜலசந்தி வழியா. அது ரொம்பக் குறுகின எடத்துல 33 கிலோமீட்டர்தான், கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போற தூரம் கூட இல்ல. 2025 ஜூன்ல இஸ்ரேலும் ஈரானும் பன்னெண்டு நாள் அடிச்சுகிட்டப்ப இந்த வழிய அடைச்சுருவாங்களான்னுதான் உலகமே பாத்துட்டு இருந்துச்சு, அந்தத் தடவை அடைக்கல. கச்சா எண்ணெய்க்காச்சும் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர்னு மூணு எடத்துல பாறையக் கொடைஞ்சு 53 லட்சம் டன் வெக்க எடம் பண்ணியிருக்காங்க, சமையல் கேஸுக்கு அத்தனை பெரிய இருப்பு இல்ல.

ஒத்தச் சிலிண்டர் கனெக்ஷனா இருந்தா சண்டை இல்லாத மாசத்துலயே ரெண்டாவது சிலிண்டருக்கு ஏஜென்சில எழுதிக் குடுத்துருங்க, கூட்டம் கூடுனதுக்கு அப்பறம் போனா கவுண்டர்ல மூஞ்சி குடுத்துக் கூடப் பேச மாட்டாங்க. ஒண்ணு தீந்த அன்னிக்கே அடுத்ததுக்கு புக் பண்ணிருங்க, மாட்டுன தேதிய காலண்டர்ல எழுதுங்க. எங்கூட்டுல நாலு பேருக்கு 14.2 கிலோ நாப்பது நாள் சொச்சம் வருது, இந்தக் கணக்கு தெரிஞ்சாத்தான் எத்தனை நாள் கையில இருக்குன்னு தெரியும். நடுவுல எவ்வளவு மிச்சம்னு பாக்கோணும்னா ஈரத்துணியில சிலிண்டர மேல இருந்து கீழ வரைக்கும் தொடைச்சுட்டு ரெண்டு நிமிசம் நில்லுங்க, கேஸ் இருக்கற மட்டம் வரைக்கும் ஈரம் மெதுவாக் காயும், மேல காலியான பக்கம் சீக்கிரமாக் காஞ்சுரும், அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும். சிலிண்டர வாங்கும்போது மேல வளையத்துக்குக் கீழ பட்டையில A, B, C, D இதுல ஒரு எழுத்தும் வருசமும் இருக்கும், அதுதான் சிலிண்டர மறுபடி சோதனை பண்ண வேண்டிய கெடு; A போட்டுருந்தா ஜனவரி முதல் மார்ச், B போட்டுருந்தா ஏப்ரல் முதல் ஜூன், இப்படி. அந்தக் கெடு தாண்டுன சிலிண்டர்னா வேண்டாம்னு திருப்பித் தாட்டி விடுங்க. ஸ்டாக் வெக்கறேன்னு நாலஞ்சு சிலிண்டர அடுத்தவங்க கார்டுல வாங்கி கட்டிலுக்கு அடியில படுக்க வெக்கற வேலை மட்டும் கூடவே கூடாது. கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா தரையோட தங்கும்.

மாத்து அடுப்பு ஒண்ணு வேணும். தோட்டத்துச் சாளையில இருக்கறவங்களுக்குக் கவலையே இல்ல, தென்னமட்டையும் கொட்டாங்குச்சியும் கெடக்குது, மழைக்கு முன்னாடி ஒரு கட்டு உள்ள இழுத்துப் போட்டா சரி. டவுன்ல லைன் ஊட்டுல இருக்கறவங்க இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாம், ஆனா பவர் பிளக்லதான் மாட்டோணும், அடியில காந்தம் ஒட்டற பாத்திரம் வேணும், அம்மாவோட ஈயப் போசியெல்லாம் அதுல வேலைக்கு ஆகாது. ஒன்றரை கிலோவாட்ல தெனம் ஒரு மணி நேரம் ஓட்டுனா ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட் எச்சு வரும், மொத்தம் 500 யூனிட்டத் தாண்டுனா ரேட்டுக் கணக்கே மாறிரும், அதையும் பாத்துக்கோங்க. பெட்ரோல மட்டும் கேன்ல புடிச்சு ஊட்டுல வெக்காதீங்க, வண்டி டேங்க் பாதிக்குக் கீழ எறங்காம ஓட்டுனாலே போதுமுங்க.

இப்ப எண்ணெய். நான் கத்துக்கிட்டது, இருப்புங்கறது எப்பவும் ஒரு மாசத்துக்கு மேல வேண்டாம், அதுலயும் பழசு முன்னாடி புதுசு பின்னாடின்னு வரிசை. நமக்கு ஒரு பாக்கியம், காங்கேயத்துச் சுத்துப்பட்டுல தேங்காய்க் களத்துக்குப் பஞ்சமில்ல, ஈரோட்டுப் பக்கம் கடலை எண்ணெய் செக்கு இருக்குது, எண்ணெய்க்கு உக்ரைன நம்பித்தான் இருக்கோணும்னு ஒண்ணும் இல்ல. வெலை எச்சுதான், சந்தேகமே இல்ல, ஆனா செக்கு எண்ணெய்ய வெலைக்குப் பயந்து பாத்துப் பாத்து ஊத்துவோம், எங்கூட்டுல மூணு லிட்டர் இப்ப ரெண்டு லிட்டராச்சு. எவர்சில்வர் தூக்குலயோ கண்ணாடிப் பாட்டில்லயோ ஊத்தி, அடுப்புக்கு எட்டாத இருட்டு அலமாரியில வெச்சு, மேல தேதிய எழுதி ஒட்டிருங்க.

அரிசிக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், அது நம்ம நாட்டுலயே வெளையுது, ரேசன்லயும் வருது. ரேசன் பாமாயில் 25 ரூவா, துவரம்பருப்பு 30 ரூவா, வேண்டாம்னு விட்டுட்டு இருந்தவங்க அந்த மாதர மாசத்துல போய் வாங்கிருங்க, பாமாயில் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குதான், துவரையிலயும் ஒரு பங்கு வெளியில இருந்து வருது. துவரை மொசாம்பிக், தான்சானியா, மியான்மர்னு எங்கெங்கயோ இருந்து வருது, கப்பல் வாடகை ஏறுனா வெலை ஏறத்தான் செய்யும். அப்ப கொள்ளுக்கும் தட்டப்பயறுக்கும் பச்சப்பயறுக்கும் மாறிக்கோங்க, கொள்ளுப் பருப்பு கடைஞ்சு ரசம் வெச்சா எங்கூட்டுப் பசங்களே சண்டை வந்தா நல்லதுங்கற மாதர சாப்படறாங்க. எங்க ஆத்தா சொல்லுவாங்க, 1942ல ஜப்பான்காரன் பர்மாவப் புடிச்சு அங்கிருந்து வர்ற அரிசி நின்னப்ப டவுன்ல சனம் அரிசிக்கு அலைஞ்சுது, "நமக்கென்ன, நாம என்னிக்கு நெல்லுச்சோறு தின்னோம், நோம்பிக்குத் தின்னா உண்டு, மத்த நாளெல்லாம் சோளச்சோறும் கம்மங்கூழும்தான"ன்னு. அதனால ராகியும் கம்பும் ரெண்டு ரெண்டு கிலோ இருந்தா நல்லது. மாவா வாங்கி வெக்காதீங்க, சீக்கிரம் கசந்துரும், தானியமா வெச்சு வேணுங்கறப்ப அரைச்சுக்கோங்க.

ஒரு வேடிக்கை, எல்லாமே வெலை ஏறும்னும் இல்ல. நாமக்கல் முட்டை வளைகுடாவுக்குக் கப்பல் ஏறுது, அந்த வழி நின்னா அந்த முட்டை இங்கதான விக்கோணும், கொஞ்ச நாளைக்கு வெலை எறங்கக் கூட வாய்ப்பு இருக்குது. கோழிக்காரங்களுக்குக் கஷ்டம்தான், அவங்க பாவம்.

மருந்து பத்தி ரெண்டு வார்த்தை. மாத்திரை நம்ம நாட்டுலதான் செய்யறாங்க, ஆனா அதுக்கு மூலப்பொருள் பலது சீனாவுல இருந்து வருது. சர்க்கரை, பிரசர், தைராய்டு, வலிப்பு மாத்திரை சாப்படறவங்க இருந்தா ஒரு மாசம் எச்சா இருக்கட்டும், எக்ஸ்பைரி பாத்து சுத்திட்டே இருக்கோணும். இன்சுலின மட்டும் அள்ளிக் குவிக்காதீங்க, பிரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள நிக்கோணும், கரண்ட் போற ஊருல எத்தனைய காப்பாத்துவீங்க.

தோட்டம் இருக்கறவங்க உரத்தப் பாருங்க. பொட்டாஷ் நம்ம நாட்டுல தோண்டறதே இல்ல, அத்தனையும் வெளியில இருந்துதான், யூரியா இங்க செஞ்சாலும் அதுக்கு இயற்கை எரிவாயு வேணும், அதுல பாதி கப்பல்ல வருது. மூட்டைய அடுக்கறதுக்குப் பதிலா மண்ணுப் பரிசோதனை பண்ணிப் பாத்துருங்க, பல தோட்டத்துல தேவைக்கு மேலதான் கொட்டிட்டு இருக்கோம். செம்மறிக்காரங்களுக்குச் சொல்லி விட்டு ஆட்டெருவுக்குப் பட்டி போட்டுக்கலாம், பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு வெதைச்சு மடக்கி உழுதுக்கலாம், ரெண்டுக்கும் ஒரு சீசன் முன்னாடியே ரோசனை பண்ணோணும்.

கடைசியா, பசங்க வெளிநாட்டுல இருக்கறவங்க. உக்ரைன்ல படிச்சுட்டு இருந்த நம்ம பசங்கள 2022ல அரசாங்கம் பக்கத்து நாடுகள் வழியா விமானத்துல கூட்டிட்டு வந்துச்சு, 22 ஆயிரத்துக்கும் மேல வந்து சேந்தாங்க. ஆனா அந்த எல்லை வரைக்கும் வந்து சேர்றதுக்கு பசங்க பட்ட பாடு அவங்களக் கேட்டாத்தான் தெரியும். எங்க பெரியப்பா பேரன் ஒருத்தன் அந்தக் குளுருல ரெண்டு நாள் ரோட்டுல நின்னான், போன்ல சார்ஜ் இல்ல, கையில அந்த ஊர் நோட்டு இல்ல, கார்டு வேலை செய்யல. அதனால பாஸ்போர்ட், விசா காப்பிய நீங்களும் இங்க ஒரு செட் வெச்சுக்கோங்க, அங்கத்த இந்தியத் தூதரகத்துல பேரப் பதியச் சொல்லுங்க, ஒரு வாரச் செலவுக்கு நோட்டா கையில வெச்சுக்கச் சொல்லுங்க, பவர் பேங்க் எப்பவும் சார்ஜ்ல இருக்கட்டும். அந்தப் பையன் இப்ப வேற நாட்டுல படிக்கறான், அவங்கம்மா பொழுதோட போன் பண்ணுனா சாப்புட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி சார்ஜ் எத்தனை பர்சண்ட்டுன்னுதான் கேக்கறாங்க.