புதுச்சேரியிலும் கடலூரிலும் வீகன் நிகழ்ச்சி நடத்தப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

நவம்பர் 1 உலக வீகன் தினம் (கறி, மீன் மட்டுமல்ல, பால், முட்டை, தேன் என்று விலங்கிலிருந்து வருகிற எதையும் சாப்பிடாமலிருப்பதுதான் வீகன் பழக்கம்). 1994-லிருந்து உலகமெங்கும் அன்றுதான் கொண்டாடுகிறார்கள் என்பதால், புதிதாகக் கூடுகிற குழுக்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தேதியைக் குறித்துவிடுகின்றன. காலையில் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் பதாகையோடு நிற்கலாம் என்று திட்டம். புதுச்சேரிக்கோ நவம்பர் 1 விடுதலை நாள். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த நாள். கடற்கரைச் சாலையில் அரசு விழா, கொடியேற்றம், அணிவகுப்பு, போலீஸ் காவல் எல்லாம் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே இன்னொரு கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்று சொல்லவே வேண்டாம். மறுநாள் கல்லறைத் திருநாள், கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்த வேலையில் இருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வேறு.

தேதி சின்ன விஷயம்தான். ஆனால் நம் பக்கத்தில் விலங்குரிமை பேசுகிறவர்களின் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மாதிரிதான். எங்கேயோ போட்ட நாட்காட்டியையும் எங்கேயோ எழுதிய வாசகத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஊர் மக்களிடம் விலங்குகள் மேல் ஏற்கெனவே இருக்கிற பாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போதே சரிந்து விழுந்து இறந்தபோது, புதுச்சேரி எப்படி அழுதது என்பதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அழுதவர்களில் பெரும்பாலோர் கறியும் மீனும் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்குப் போய் “யானையைக் கோயிலில் கட்டியதே தப்பு” என்று அவர்களிடம் கத்தியிருந்தால் ஒருவர்கூடக் காது கொடுத்திருக்க மாட்டார். காட்டில் கூட்டமாக வாழவேண்டிய உயிர், தனியாக ஒரு தெருவில் வாழ்ந்து முடிந்தது என்பதை அவர்களோடு பேசியே ஆகவேண்டும். அந்தப் பேச்சை, அழுதவர்கள் நம்மைச் சேர்ந்தவர்கள் என்ற நினைப்போடு தொடங்க வேண்டும்.

நாட்காட்டி விஷயத்துக்கே வருகிறேன். புரட்டாசியில் எத்தனையோ வீடுகளில் ஒரு மாதம் அசைவம் கிடையாது. கார்த்திகையில் மாலை போட்டவர் இருக்கிற வீடுகளும் அப்படியே. தவக்காலத்தில் புதுச்சேரியின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் பலர் கறியை நிறுத்துவார்கள். ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு இவற்றைவிட நல்ல நேரம் கிடைக்குமா? தவக்காலம் வருகிற மாசி, பங்குனியில் பண்ருட்டிப் பலாக்காயும் வர ஆரம்பித்துவிடும். பிரியாணிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் புரட்டாசியில் கறி நிறுத்தியவரை “நீங்களும் பாதி வீகன்தான்” என்று சொல்லிவிட வேண்டாம். அவர் பெருமாளுக்காக நிறுத்தியிருக்கிறார். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கிற வரிசையை நாம் எல்லோரும்தான் பார்க்கிறோம். அந்த ஞாயிறு வருவதற்கு முன் அவர் கையில் இரண்டு நல்ல சமையல் குறிப்பு போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய காரியம். அப்புறம், ஞாயிறு மத்தியானம் நிகழ்ச்சி வைக்காதீர்கள். அது வீட்டில் குழம்பு கொதிக்கிற நேரம்.

சமையல்கட்டில் நடக்கிற தவறுகள்

“சைவச் சமையல்தான் மாஸ்டர், பால் மட்டும் வேண்டாம்” என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். மாஸ்டர் பால் ஊற்ற மாட்டார். ஆனால் வெண்பொங்கலில் மிளகும் முந்திரியும் தாளிக்க நெய்தான் எடுப்பார். அவரைப் பொறுத்தவரை அது வாசனைக்கு. பிரியாணிக்குத் தயிர், குருமா தண்ணியாகிவிட்டால் இன்னும் ஒரு கரண்டித் தயிர். பரோட்டா என்றால் மாவில் பாலோ முட்டையோ சேர்ப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் கவனித்தவர்களும் கோட்டை விடுவது மோர்மிளகாயில். இலையில் ஓரமாக வைக்கிற அந்த வறுத்த மிளகாய் மோரில் ஊறிக் காய்ந்தது என்பது பரிமாறும்போதுதான் ஞாபகம் வரும். அதனால் வாயால் சொல்வது போதாது. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பன்னீர், கோவா, முட்டை, தேன் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். தாளிக்கிற நேரத்தில் ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கட்டும். மாஸ்டரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்த மாஸ்டர் அவரே நல்லெண்ணெயில் தாளித்து, “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்பார்.

பாக்கெட் பண்டங்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாலும் தேனும் அந்தப் புள்ளிக்குள் அடக்கம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று 2022-ல் தனி விதிமுறையும் தனிச் சின்னமும் கொண்டுவந்தது. சின்னம் இல்லாத பிஸ்கட்டில் பால் பவுடர் இருக்கிறதா என்று பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

இன்னொரு பெரிய தவறு, வீகன் என்றாலே பாதாம் பாலும் டோஃபுவும் என்று ஆக்கிவிடுவது. பிரெஞ்சுத் தெருக்களில் ஒரு கஃபேயில், ஆங்கிலத்தில், ஒரு தட்டு நானூறு ரூபாய் என்று நடத்தினால் முத்தியால்பேட்டையிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் யார் வருவார்கள்? ஆப்பம், தேங்காய்ப்பால், எள்ளுருண்டை, சுண்டல், பனைவெல்லம் போட்ட சுக்கு மல்லி காபி, இதில் எதற்கும் புதிதாகப் பெயர் வைக்க வேண்டியதில்லை. தயிர் இல்லாமல் எப்படி என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டையே போதும். ஒரு டம்ளர் வேர்க்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, தோல் நீக்கி, நான்கு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். பச்சை வாசனை போகிற வரை சிறுதீயில் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள், இல்லாவிட்டால் அடி பிடிக்கும். வெதுவெதுப்பாக ஆறியதும் ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு ராத்திரி வைத்தது காலையில் உறைந்திருக்கும். முதல் தடவை கொஞ்சம் நெகிழ்வாகவும் மிளகாய் வாசனையோடும்தான் வரும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுகிற அடுத்த தயிர் நன்றாக இருக்கும். மேடையில் அரை மணி நேரம் பேசுவதைவிட இந்தத் தயிரில் பிசைந்து தாளித்த சாதத்தை ஒரு கிண்ணம் கொடுப்பது மேல்.

சுத்தம் என்ற பேச்சு

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. கறி சாப்பிடுகிறவர் அசுத்தமானவர், சைவம் சாப்பிடுகிறவர் உயர்ந்தவர் என்ற தொனி ஒரு துண்டறிக்கையில், ஒரு வாசகத்தில் எட்டிப் பார்த்தாலும் போதும், அன்றோடு கதை முடிந்தது. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்ற பலகையைப் பார்த்து வாடகை வீடு கிடைக்காமல் திரும்பியவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். சாப்பாட்டை வைத்துச் சாதியைக் கணக்குப் பார்க்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உங்கள் பதாகையை அவர்கள் அந்தப் பலகையாகத்தான் படிப்பார்கள். அப்படிப் படிப்பதில் தவறும் இல்லை. மாட்டுக்கறியை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு பேசுவதும் இதில்தான் சேரும். கோழிக்கும் மீனுக்கும் வராத கோபம் அதற்கு மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டால் நேர்மையான பதில் இருக்காது.

நம்மிடம் வேறு வழி இல்லாமலா இருக்கிறது? கொல்லாமையைப் பேசிய வள்ளலார் கடலூர் மாவட்டம் மருதூரில் பிறந்தவர். வடலூரில் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவர் யாரானாலும் சாதி மதம் கேட்காமல் சோறு போட்டார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. உயிர்களின் மேல் இரக்கம் என்பதை, பசித்த மனிதருக்குச் சோறு போடுவதிலிருந்து பிரிக்காமல் பேசியவர் அவர். தமிழ்நாடு அரசு 2021-ல் அவர் பிறந்த அக்டோபர் 5-ஐத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. வீகன் குழுக்கள் நிகழ்ச்சி வைக்க ஏற்ற நாள் அது. ஆனால் தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி தரிசன வரிசையில் நிற்கிறவர்களிடம் போய் “பாலும் கொலைதான்” என்று துண்டறிக்கை நீட்டாதீர்கள். அன்னதானத்தில் போய்ப் பரிமாறுங்கள், பாத்திரம் தேயுங்கள். ஒரு நாள் முழுக்கக் கூட நின்று வேலை செய்தவர் பாலைப் பற்றிப் பேசினால் வள்ளலார் வழி நடக்கிற சன்மார்க்க அன்பர்கள் பொறுமையாகக் கேட்பார்கள்.

பலி விஷயத்தில் இன்னொரு பாரபட்சம். பக்ரீத் வந்தால் மட்டும் கொதிப்பது, ஊர்த் திருவிழாவில் கிடா வெட்டும்போது வாய் திறக்காமல் இருப்பது. கோட்டக்குப்பத்தில் வாழ்கிற ஒரு முஸ்லிம் இதைக் கவனிக்காமல் இருப்பாரா? சட்டத்தைக் காட்டி மிரட்டுவதும் உதவாது. கோயில்களில் விலங்குப் பலியைத் தடுக்கிற 1950-ஆம் வருடச் சட்டத்தை 2003-ல் தமிழ்நாடு அரசு திடீரென்று அமல்படுத்தியது. எதிர்ப்பு கிளம்பியது, 2004-ல் அந்தச் சட்டமே ரத்தானது. மேலேயிருந்து வந்த உத்தரவு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. மதச் சடங்குக்காகக் கொல்வதை 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகக் கருதுவதில்லை.

ஜல்லிக்கட்டு பேச்சு கண்டிப்பாக வரும். 2017-ல் தெருவில் நின்றவர்களுக்கு விலங்குரிமை என்ற சொல்லே வெளிநாட்டுச் சதியாகத்தான் கேட்கிறது. உச்ச நீதிமன்றம் 2014-ல் தடை செய்ததும், 2023-ல் தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் கருத்தை மறைக்காமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, வந்த விஷயத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

கடற்கரையிலும் தொழுவத்திலும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ‘மீன் கொல்லாதீர்’ என்று பலகை பிடிக்காதீர்கள். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிற ஊர். மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளுகிற சுருக்குமடி வலை விவகாரத்தில் ஏற்கெனவே மீனவக் கிராமங்களுக்குள்ளேயே பகை உண்டு. அதில் தெரியாமல் வாயைக் கொடுத்தால் வெளியே வர முடியாது. ஆனால் பங்குனி ஆமை ஒதுங்கி முட்டையிடுகிற ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் அவர்களோடு பேச நிறைய இருக்கிறது. மாசிமகத்துக்குக் கூட்டம் சேர்கிற அதே மணல்தான். இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த ஆமை கரை ஒதுங்கினால் முதலில் பார்ப்பதும் வருத்தப்படுவதும் மீனவர்களே.

பால் பற்றிப் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பண்ணைப் படத்தை மடிக்கணினியில் ஓட்டினால் “நம்ம ஊர்ல இப்படி இல்லையே” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் ரத்தக் காட்சி காட்டுவது எப்படியும் தப்பு. பாகூரிலோ நெல்லிக்குப்பத்திலோ இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அம்மாவுக்கு உங்களைவிட அதிகம் தெரியும். மாடு கன்று போட்டால்தான் பால். டிராக்டர் வந்த பிறகு காளைக்கன்றுக்கு வேலை இல்லை. அது எங்கே போகிறது என்று அவரையே கேளுங்கள். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தாய்மாட்டின் முன் நிறுத்தி, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே பால் கறந்த கதையை அவரே சொல்வார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் மாறியிருந்தால், அதற்கு மேல் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம்.

வண்டியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கோழிகளைப் பார்க்காதவர் இல்லை. அதைப் படமெடுத்துப் போடுவதோடு நிறுத்துவதும் ஒரு தவறு. ஓட்டுகிறவர் முகத்தைப் பரப்பாதீர்கள், அவர் கூலிக்கு ஓட்டுகிறவர். நாள், நேரம், இடம், வண்டி எண்ணைக் குறித்து எழுத்தில் புகார் கொடுங்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதமே 10 முதல் 50 ரூபாய்தான். விலங்கைக் கொன்றிருந்தாலோ ஊனமாக்கியிருந்தாலோ இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள், அதில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. எந்தக் காவல் நிலையம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம், கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். இரண்டுமே தமிழ்நாடு. புதுச்சேரியில் வாங்கிய அனுமதிக் கடிதமும் அங்கே செல்லாது.

கடைசியாக, உடம்பைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள். சர்க்கரை போய்விடும், புற்றுநோய் குணமாகும் என்று மைக்கில் சொல்வதைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? அதே நேரம், தாவர உணவில் வைட்டமின் பி12 கிடைக்காது, மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதும் குற்றம். கை கால் மரத்துப்போய் அசதியோடு மருத்துவமனைக்குப் போகிறவர், கூடவே வீகன் பழக்கத்தையும் விட்டுவிடுவார். நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் எண்ணை வாங்கி, அடுத்த சமையல் கூடுகை எங்கே என்று ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பாலை விட்டுவிட்டு அம்மா வீட்டில் மட்டும் மீன் சாப்பிடுகிறேன் என்று ஒருவர் கூச்சத்தோடு சொன்னால் அவரைக் குழுவிலிருந்து எடுக்காதீர்கள். அடுத்த முறை அம்மாவையும் கூட்டி வரச் சொல்லுங்கள்.