4 வயதும் 78 வயதும் ஒரே பாயில்: மழை நாளில் வீட்டுக்குள் விளையாட

மார்கழி மாதம் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று பார்த்தால் முற்றம் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும், பள்ளிக்கூட லீவு விடுவதும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சொந்தங்கள் ஊருக்கு வருவதும் எங்களுக்கு ஒரே காலத்தில்தான். அதனால் வருடத்தில் ஒரு நாளாவது பதினாறு பேர் ஒரு ஹோலுக்குள் அடைபட்டுப் போவோம். அம்மாவுக்கு 78 வயது, ஒரு காது கொஞ்சம் மந்தம். தம்பியின் கடைசி மகளுக்கு 4 வயது. நடுவில் போனை விட்டுத் தலை நிமிராத பெடியன்கள் இரண்டு பேர், முழங்கால் வலியோடு பெரியப்பா, கனடாவில் பிறந்து தமிழ் விளங்கினாலும் வாசிக்கத் தெரியாத தங்கச்சியின் மகன்.

இந்தப் பதினாறு பேரையும் இரண்டரை மணித்தியாலம் சேர்த்து வைத்து விளையாட என்ன வேண்டும் என்று பல மாரி கழிந்த பிறகு எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கெரம் நான்கு பேருக்கு. 304 என்கிற சீட்டாட்டம் எனக்கு உயிர். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. கூட்டினால் 76, நாலு சாதிச் சீட்டுக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கை ஏழு வயதிலேயே அப்பா எனக்குச் சொல்லித் தந்தார். ஆனால் அது நாலு பேரோ ஆறு பேரோ ஆடுகிற ஆட்டம். மிச்சப் பத்துப் பேர் என்ன செய்வது? ஆட்கள் நிறைந்த நாளில் கெரம் போர்டையும் சீட்டுக்கட்டையும் வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது, தோற்றவரை வெளியே அனுப்புகிற விளையாட்டு. ஒரு வருடம் சங்கீதக் கதிரை வைத்தேன். பாட்டு நின்ற முதல் தடவையே தம்பியின் மூத்த மகள் அவுட். அப்போது அவளுக்கு ஐந்து வயது. மற்றவர்கள் சிரித்துக் கத்தி ஓடிக்கொண்டிருக்க, அவள் யன்னல் திரைச்சீலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முடியும் வரை நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட யாராவது கவனித்திருப்போம். அன்றிலிருந்து யாரும் அவுட் ஆகிற ஆட்டம் எங்கள் வீட்டில் இல்லை.

ஓட்டமும் வேகமும் வேண்டிய ஆட்டத்தில் பெடியன்கள்தான் வெல்வார்கள், அது பார்க்காமலே தெரியும். மூக்கு, ஞாபகம், குரல், அதிர்ஷ்டம், பழைய கதை, இவற்றால் வெல்கிற ஆட்டங்களைத் தேடுங்கள். அங்கே நாலு வயசும் எழுபத்தெட்டு வயசும் சமம். சில நேரம் சமத்துக்கும் மேல்.

ஆட்களைப் பிரிப்பது

“நீங்களே கட்சி பிரியுங்கள்” என்று விட்டால் பெடியன்கள் ஒரு பக்கம், பெரியவர்கள் ஒரு பக்கம் போய் இருப்பார்கள். அதனால் பிரிப்பதையே முதல் விளையாட்டாக வைக்கிறேன். எல்லோரும் வாய் பேசாமல், கையால் மட்டும் காட்டி, வயது வரிசையில் நிற்க வேண்டும். பெரியம்மாவும் சின்னம்மாவும் யார் மூப்பு என்று விரலை மடக்கி மடக்கிச் சண்டை பிடிப்பதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குக் கூச்சம் போய்விடும். கால் வலி உள்ளவர்கள் கதிரையில் இருந்தபடியே இருக்கட்டும், வரிசை அவர்களிடம் போகட்டும்.

வரிசை சரியானதும் ஒரு முனையிலிருந்து 1, 2, 3, 4 என்று எண்ணிப் போய், அடுத்த நாலு பேருக்குத் திருப்பி 4, 3, 2, 1 என்று எண்ணுங்கள். பிறகு மறுபடி 1, 2, 3, 4. ஒரே எண் வந்தவர்கள் ஒரு கட்சி. ஒவ்வொரு கட்சியிலும் ஒரு முதியவர், ஒரு நடுத்தர வயது, ஒரு இளவட்டம், ஒரு குழந்தை தானாக வந்துவிடும். கட்சிக்குப் பெயர் வைக்கும் உரிமையைக் கட்சியில் மிகச் சின்னவருக்குக் கொடுங்கள். போன முறை எங்களிடம் இறால், நண்டு, பாடும்மீன், டைனோசர் என்று நாலு கட்சி இருந்தன.

ஹோலில் கதிரைகளைச் சுவரோடு தள்ளி, நடுவில் பன்பாயை விரித்துவிடுங்கள். ஈரக்கால் பட்ட மாபிள் தரை வழுக்கும், வாசலில் ஒரு சாக்குப் போட மறக்காதீர்கள். ரோர்ச் லைட் இரண்டு, கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கச்சானும் முறுக்கும் முதலிலேயே வெளியே வரக் கூடாது. அவை பாதி வழியில் தேத்தண்ணியோடு வர வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் கை ஓயாது.

மணம் பிடித்தல்

என்னிடம் ஒரே ஒரு விளையாட்டைத்தான் கேட்பீர்களானால் இதைத்தான் சொல்வேன்.

பழைய பருத்திச் சேலைத் துண்டைக் கையகலத்துக்குப் பத்தாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் சமையலறையில் இருக்கிற ஒரு சாமானை வைத்து நூலால் முடிச்சுப் போட்டு, 1 முதல் 10 வரை எண் எழுதுங்கள். நான் வைப்பவை: கறுவா, ஏலம், கராம்பு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கோப்பித்தூள், கசக்கிய ரம்பை இலை, வசம்பு, கற்பூரம். மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் வைக்கவே வேண்டாம், ஒரு பிள்ளை இழுத்து மோந்தால் அன்றைய பொழுது கண்ணீரில் முடியும். கற்பூர முடிச்சு சின்னவர்களின் கையில் நிற்கக் கூடாது. அதை ஒரு பெரியவரே பிடித்து மூக்கருகில் காட்டி, முடிந்ததும் வாங்கி வைத்துவிட வேண்டும். முழுசாக இருப்பதைக் கட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன் ஒரு தட்டு உரலில் தட்டிக்கொள்ளுங்கள். தட்டாத கராம்பு வாசம் துணியைத் தாண்டி வராது.

வரிசையும் முக்கியம். கற்பூரமும் வசம்பும் கடைசியில்தான் சுற்றுக்கு வர வேண்டும். முதலில் கற்பூரம் போனால் பிறகு வருகிற எல்லாமே கற்பூரமாகத்தான் மணக்கும்.

முடிச்சு கட்சி கட்சியாகச் சுற்றி வரும். நாலு பேரும் மோந்து பார்த்து, குசுகுசுவென்று பேசி, ஒரு பதிலை எழுத வேண்டும், அல்லது படமாகக் கீற வேண்டும். துணியை அவிழ்க்கக் கூடாது. சரியான பெயருக்கு 2 புள்ளி. பெயர் வராமல், “இது வட்டிலாப்பத்துக்குப் போடுறது” என்று பயன்பாட்டைச் சொன்னால் 1 புள்ளி. இந்த ஒரு புள்ளி விதிதான் கனடாக்காரப் பிள்ளையைக் காப்பாற்றியது. முதல் மூன்று முடிச்சுக்கும் அவன் “கறி, கறி, கறி” என்றுதான் சொன்னான். நாலாவதைக் கையில் வாங்கியவன் கண்ணை மூடிக்கொண்டு, “இது அம்மம்மாட அலுமாரி” என்றான். கராம்பு. அம்மா சேலைக்கு நடுவில் கராம்பு போட்டு வைப்பது எங்கள் யாருக்கும் உடனே ஞாபகம் வரவில்லை.

வசம்பு வந்தபோது ஹோல் முழுக்க மௌனம். பெடியன்கள் மருந்து என்றார்கள், தம்பி மண் என்றான். அம்மா முடிச்சை மூக்கில் வைக்கக்கூட இல்லை, தூரத்திலேயே, “கொண்டா மனே, உங்க எல்லாருக்கும் இதச் சுட்டு வசம்பு வளையல் போட்டு வளர்த்தவ நான்” என்றார். அன்று அவர் கட்சிக்கு 17 புள்ளி.

பாட்டுக்குப் பாட்டு

இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் வீட்டில் நடத்தும்போது இரண்டு இடத்தில் சிக்கும்.

ஒன்று, எழுத்து. பாட்டு நிற்கிற சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும் என்று வைத்தால் அடிக்கடி முட்டி நிற்பீர்கள். தமிழில் ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் சொல்லே தொடங்காது. புள்ளி வைத்த எழுத்திலும் தொடங்காது. “வானம்” என்று முடிந்தால் “ம்” என்பதா, “ன” என்பதா என்று சண்டை வரும். அதனால் நாங்கள் கடைசிச் சொல்லின் முதல் எழுத்தை எடுக்கிறோம். “வானம்” என்றால் “வா”. குறிலும் நெடிலும் ஒன்று, வ-வும் வா-வும் செல்லும். சண்டை போயே போய்விட்டது.

மற்றது, எந்தப் பாட்டு. சினிமாப் பாட்டு மட்டும் என்றால் பெரியவர்களில் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். தாலாட்டு, கோயில் பாட்டு, வசந்தன் கூத்துப் பாட்டு, பாலர் பாடசாலைப் பாட்டு எல்லாம் சேரும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வரி போதும். 30 விநாடி நேரம். அதை எண்ணுகிற வேலை பெரியப்பாவுக்கு. அவர் எண்ணுகிற 30, மணிக்கூட்டின் 45 அளவுக்கு இழுபடும். யாரும் கேட்பதில்லை. பாடத் தெரியாத பிள்ளைக்கு ஒரு சருவச்சட்டியைக் கவிழ்த்துக் கொடுங்கள், தாளம் போட்டால் கட்சிக்கு 1 புள்ளி.

ராசா, பொலிஸ், கள்ளன்

ஐந்து துண்டுச் சீட்டில் ஆடுகிற இதைப் பதினாறு பேருக்கு நீட்டலாம். பழைய கலியாணக் கார்டுகளைப் பதினாறு துண்டாக வெட்டி, எழுத்துக்குப் பதில் படம் கீறுங்கள். முடி ராசா, பூ ராணி, பேனை மந்திரி, தொப்பி பொலிஸ், சாக்கு கள்ளன், வீடு ஊர்ச்சனம். ஒரு ராசா, ஒரு ராணி, ஒரு மந்திரி, இரண்டு பொலிஸ், மூன்று கள்ளன், எட்டு ஊர்ச்சனம். கலக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுத்ததும் ராசாவும் பொலிசும் மட்டும் தங்கள் சீட்டைக் காட்டுவார்கள். இரண்டு பொலிசும் சேர்ந்து மூன்று நிமிடத்துக்குள் கள்ளர் மூவரையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரிடம் ஒரு கேள்விதான் கேட்கலாம். பிழையாகப் பிடித்தால் பிடிபட்டவர் சொல்கிற ஒரு வேலையைப் பொலிஸ் செய்ய வேண்டும். இதில் கட்சி இல்லை, அதனால் நடுவில் ஒரு மாற்றமாக இருக்கும். நாலு வயதுக்காரி கள்ளனாக வந்தால் முகத்திலேயே தெரியும், அவளைக் கடைசியாகப் பிடிக்கச் சொல்லிப் பொலிசுக்குக் கண் காட்டிவிடுங்கள்.

உண்மையா, புளுகா

தேத்தண்ணி குடித்துக் களைப்பாறுகிற நேரத்துக்கு இது. ஒருவர் தன்னைப் பற்றி மூன்று விடயம் சொல்ல வேண்டும், இரண்டு உண்மை, ஒன்று புளுகு. மற்றவர்கள் எது புளுகு என்று விரல் காட்ட வேண்டும். இளையவர்களிடம் தொடங்காதீர்கள், அவர்கள் “எனக்கு நீலம் பிடிக்கும்” என்ற அளவில் நின்றுவிடுவார்கள். வயது கூடியவரிடம் தொடங்குங்கள். அவருக்கு முதல் நாளே சொல்லி வைத்தால் யோசித்து வருவார். காது மந்தமானவர் சொல்லும்போது பக்கத்தில் ஒரு பிள்ளையை இருத்தி, கேள்விகளைக் காதருகில் சொல்ல வையுங்கள்.

அம்மா சொன்ன மூன்று: எனக்குப் பாகற்காய் விருப்பம். கல்லடிப் பாலத்தால் சைக்கிள் ஓடியிருக்கிறேன். சூறாவளி அடித்த இரவு உங்கள் மாமியை நெல்லுப் பெட்டகத்துக்குள் இருத்தி வைத்தேன்.

பிள்ளைகள் எல்லோரும் மூன்றாவதைக் காட்டினார்கள். நானும் அதைத்தான் காட்டினேன். சைக்கிள்தான் புளுகு. 1978 நவம்பர் 23, மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த நாள். கூரை போய்விட்டது, பெட்டகத்தில் நெல் பாதிதான் இருந்தது, அதற்கு மேல் சாக்கை விரித்து, மூன்று வயதுப் பிள்ளையை இருத்தி, மூடியை ஒரு உலக்கையால் நிமிர்த்தி வைத்துவிட்டு விடியும் வரை பக்கத்தில் நின்றிருக்கிறார். அந்த மூன்று வயதுப் பிள்ளை நான். ஐம்பது வயதில், ஒரு விளையாட்டில்தான் அது எனக்குத் தெரிய வந்தது. பெடியன்கள் இரண்டு பேரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உலக்கை ஏன் பெத்தா?” என்று அம்மாவிடம் கேட்டார்கள். “மூச்சு விட வேணாமா மனே.” அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் எந்த விளையாட்டும் நடக்கவில்லை, நானும் நடத்தவில்லை. அப்படி ஒரு கதை வந்துவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

கரண்ட் போனால்

போகும். அதற்குத்தான் நொடி, அதாவது விடுகதை. ரோர்ச்சைச் சுவரில் அடித்து, கையால் மான், முயல், கொக்கு நிழல் காட்டுகிற வேலையைச் சின்னவர்களுக்குக் கொடுங்கள். பெரியவர்கள் நொடி போடட்டும். பழைய நொடிகள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் ஊரை வைத்துப் புதிதாகக் கட்டச் சொல்லலாம். பத்து வயது மருமகன் கட்டியது: “தாத்தாவும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் தண்ணிக்குள்ள நிக்கிறாங்க, நனையிறது கால் மட்டும்.” விடை மட்டக்களப்பு வாவிக்கு மேலே கல்லடியில் நிற்கிற பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும். நான் அதற்கு 5 புள்ளி கொடுத்தேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பரிசு வாங்கி வைக்காதீர்கள், ஒன்று வாங்கினால் பதினாறு வாங்க வேண்டும். நான் ஒரு பெரிய சட்டித் தயிரும் ஒரு போத்தல் கித்துள் பாணியும் வாங்கி வைப்பேன். வென்ற கட்சிதான் சட்டியைத் திறக்கலாம், ஆனால் மற்ற எல்லோருக்கும் பரிமாறிய பிறகுதான் அவர்கள் சாப்பிடலாம். கட்சியின் சின்னவர் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பாணி ஊற்றுவது பெரியவர். பாணிப் போத்தலை மட்டும் பெடியன்கள் கையில் கொடுக்க வேண்டாம், கடைசியில் இருப்பவருக்கு மிஞ்சாது.