பழைய ஃபெர்குசனுக்கு வீட்டிலேயே ஒரு புஷ் புல்லர்

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை இழுக்க மாசி ஃபெர்குசன் 135 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. 1964-இல் வந்த மாடல். அந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் லேசில் படுக்காது, ஆனால் முன் ஆக்சில் நடுப் பின்னில் உள்ள புஷ் (அந்த இரும்பு முளையைச் சுற்றி உட்காரும் உலோகக் குழல்), கிரீஸ் அடிக்க மறந்தால் தேய்ந்து, முன்பக்கம் தடதடவென்று ஆட ஆரம்பித்துவிடும். நான் முதல் தடவை புது புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றப்போய், விளிம்பு மடங்கிப் பாழானது. அப்புறம்தான் புஷ்ஷை இழுத்துக் கழற்றவும் ஏற்றவும் இந்தப் புல்லரைச் செய்தேன். வெல்டிங் வேண்டாம்.

வாங்க வேண்டியவை: எம்16 (16 மில்லிமீட்டர்) மரைக்கம்பி ஓர் அடி (பலத்தின் தரம் 8.8 என்று கேளுங்கள், சாதாரணக் கம்பியில் மரை உரிந்துவிடும்), இரண்டு நட், தடித்த வாஷர்கள். பழைய இரும்புக் கடைத் தவுக்கேயிடம் ஒரு துண்டுக் குழாயும் நடுவில் ஓட்டை போட்ட தடித்த தகடும் கிடைக்கும். குழாயின் உள்வாய் புஷ்ஷின் வெளி அளவைவிட 2, 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், நீளமும் புஷ்ஷைவிடக் கூடுதலாக. புஷ்ஷைத் தள்ள ஒரு வட்டம் வேண்டும், அது புஷ்ஷைவிட அரை மில்லிமீட்டர் சிறிது. பழைய சாக்கெட் ஒன்று பொருந்தினால் அதுவே போதும், நான் அப்படித்தான் செய்தேன்.

டிராக்டரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கனமான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்த பிறகே பின்னைக் கழற்றுங்கள். செங்கல் வைக்காதீர்கள், உடையும்.

கம்பியை ஓட்டை வழியே விட்டு, ஒருபக்கம் வட்டமும் நட்டும், மறுபக்கம் ஆக்சிலில் முட்டிய குழாய், அதன்மேல் தகடு, வாஷர், நட். மரையில் கிரீஸ் தடவி, 24 ஸ்பானரால் குழாய்ப் பக்க நட்டைத் திருகுங்கள், மறு நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு. ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகரும், புஷ் மெல்லக் குழாய்க்குள் வந்துவிடும். இறுகி நின்றால் பலம் போடாமல் துரு எண்ணெய் விட்டு, பசியாறிவிட்டு வந்து பாருங்கள்.

புதியதை ஏற்றும்போது குழாய் வேண்டாம், இருபுறமும் தடித்த வாஷர் போட்டு இழுத்தால் சரி. முதல்நாள் இரவே புஷ்ஷைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், கொஞ்சம் சுருங்கும் (வீட்டில் திட்டு விழும், எனக்கு விழுந்தது). புஷ்ஷில் உள்ள கிரீஸ் துளை, ஆக்சிலில் கிரீஸ் அடிக்கும் நிப்பிளுக்கு நேராக வருகிறதா என்று திருகும் முன்பே கோடு போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.