அரிவாள் செல் பண்பும் ‘கெட்டி இரத்தமும்’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிவாள் செல் பண்பு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்ததும் பலரும் முதலில் கேட்பது, “இரத்தம் கெட்டியாகித் தமனி அடைத்துக்கொள்ளுமா?” என்பதுதான். இந்தக் கேள்விக்குள் இரத்தத்தின் பாகுத்தன்மை (அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை), அது உறையும் இயல்பு, தமனிச் சுவரில் கொழுப்புப் படிதல் என்ற மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பெரும்பாலான தவறுகள் இந்தக் கலப்பிலிருந்தே பிறக்கின்றன.

அதற்கும் முன்னதாகவே நேரும் தவறு ஒன்று உண்டு. பண்பையும் நோயையும் ஒன்றாக எண்ணுவது. சிவப்பணுவை அரிவாள் போல வளையச் செய்யும் மாறிய மரபணு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அது பண்பு. அத்தகையவரின் ஹீமோகுளோபினில், அந்த மரபணு உண்டாக்கும் எஸ் வகை பொதுவாக 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். மீதியில் பெரும்பகுதி இயல்பான ஏ வகையே. கரைதிறன் பரிசோதனை எஸ் வகை இருப்பதை மட்டுமே காட்டும், எவ்வளவு என்று சொல்லாது; ஆகவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரேசிஸ் போன்ற அளவிடும் பரிசோதனையைச் செய்யாமல் முடிவுக்கு வரக்கூடாது. அதில் ஏ வகையைவிட எஸ் வகை மிகுந்திருந்தால் அது வெறும் பண்பாக இல்லாமல், தலசீமியாவோடு (ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் மரபுக் கோளாறு) சேர்ந்த நோயாக இருக்கக்கூடும்.

இனிப் பாகுத்தன்மை. இரத்தம் எவ்வளவு தடையின்றி ஓடும் என்பதைச் சிவப்பணுக்களின் விகிதம், பிளாஸ்மாவிலுள்ள புரதங்கள், சிவப்பணு வளைந்து கொடுக்கும் திறன் ஆகியவை தீர்மானிக்கின்றன. பண்பு உள்ளவர்களின் சிவப்பணு சற்றே விறைப்பாக இருப்பதையும், நீரிழப்போடு கடுமையாக உழைக்கும்போது பாகுத்தன்மை கூடுவதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் எஸ் வகை ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அணுவை அரிவாளாக வளைப்பது ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான். தமனியில் ஓடுவதோ ஆக்சிஜன் நிறைந்த இரத்தம். குழாயின் தடை பாகுத்தன்மைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது, ஆரத்துக்கோ நான்காம் அடுக்கில் எதிர்விகிதமாக மாறுகிறது. பாகுத்தன்மை 10 சதவீதம் கூடினால் தடையும் 10 சதவீதமே கூடும். ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலோ தடை ஏறத்தாழ 52 சதவீதம் கூடிவிடும். அப்படியிருக்க, இரத்தத்தின் கெட்டித்தன்மையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டே தமனியைச் சுருக்கும் புகைப்பழக்கத்தையும் உயர் இரத்த அழுத்தத்தையும் கவனியாமல் விடுவது கணக்கே தெரியாத கவலை என்பேன்.

மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின் விழுங்குவது அடுத்த தவறு. ‘இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை’ என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. வேறு சில மருந்துகள் உறைதலைத் தடுக்கின்றன. இவை எதுவும் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. பண்பு மட்டும் இருப்பது இம்மாத்திரைகளுக்குக் காரணமாகாது. இரத்தக்கசிவு அபாயமோ நிச்சயம் உண்டு.

தமனியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரையை மறந்துவிடுகிறார்கள். சிரையில் உருவாகும் இரத்தக்கட்டி நுரையீரலுக்கு நகர்ந்து போகலாம். பண்பு உள்ளவர்களுக்கு நுரையீரல் நாளத்தில் இரத்தக்கட்டி அடைக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் ஆக்சிஜன் குறைவு, உப்புச் செறிவு மிகுதி; அங்கே பண்பு உள்ளவரின் அணுக்களும் வளையலாம். சிறுநீரில் இரத்தம் தென்படுவதை ‘உடல் சூடு’ என்று ஒதுக்குவது ஆபத்தான அலட்சியம்.

அதே சிறுநீரகம் நீரைச் சேமித்துச் சிறுநீரைச் செறிவாக்கும் திறனைச் சிறிது இழப்பதால், வெயிலில் உழைக்கும்போது நீரிழப்பு விரைவாக நேரலாம். அமெரிக்க இராணுவத்தின் கறுப்பின வீரர்கள் சுமார் 48,000 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், பண்பு உள்ளவர்களுக்குக் கடும் உழைப்பால் தசை சிதையும் அபாயம் 54 சதவீதம் கூடுதலாக இருந்தது. இறப்பு அபாயம் கூடவில்லை. ஆகவே உடற்பயிற்சியை அறவே கைவிடுவதும் தவறு, முதல் நாளே உச்ச வேகத்தில் தொடங்குவதும் தவறு. படிப்படியாகக் கூட்டி, இடையிடையே ஓய்ந்து, தாகத்துக்கு ஏற்ப நீர் அருந்தினால் போதும். ‘இரத்தம் இளகட்டும்’ என்று குடம் குடமாகக் குடித்தால் சோடியம் குறைந்து வேறு தொல்லை வரும். மிக உயரமான மலைப்பகுதியில் இடது விலாவுக்குக் கீழே கடும் வலி வந்தால் அது மண்ணீரல் பாதிப்பாக இருக்கலாம். உடனே கீழே இறங்கிச் சிகிச்சை பெற வேண்டும்.

தமனி நலத்தோடு உண்மையிலேயே தொடர்புள்ள, ஆனால் அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு. சர்க்கரை நோயைக் கண்டறியும் எச்பிஏ1சி அளவு, பண்பு உள்ளவர்களிடம் உண்மையான சர்க்கரைநிலை காட்ட வேண்டியதைவிடச் சற்றுக் குறைவாக வரக்கூடும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த வேறுபாடு சுமார் 0.3 சதவீதப் புள்ளி. எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு இந்தச் சிறு வேறுபாடே நோயை மறைத்துவிடும். கண்டறியப்படாத சர்க்கரையோ தமனியை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். ஆகவே அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பாமல், தமக்குப் பண்பு இருப்பதை மருத்துவரிடம் சொல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்பது நல்லது.